அஸ்மா ஜஹாங்கீர் எதிர்மனுதாரராக நின்ற வழக்கு

1996-இல் லாகூர் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தந்தையின் மனு வந்தது. வசதியான குடும்பம், ஹதீஸை, அதாவது நபிமொழியை, நேரடியாகப் பின்பற்றும் அஹ்லே ஹதீஸ் பிரிவைச் சேர்ந்தவர், ஊரில் மதிப்போடு இருந்தவர். அவருடைய மகள் பெற்றோருக்குத் தெரியாமல் ஓர் ஆசிரியரை நிகாஹ், அதாவது இஸ்லாமிய முறைத் திருமணம், செய்துகொண்டிருந்தார். பிறகு வீட்டை விட்டு வெளியேறி, பெண்களுக்கான ஒரு புகலிடத்தில் தங்கியிருந்தார். மகளைச் சட்டவிரோதமாக வைத்திருக்கிறார்கள், அவளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தந்தை கேட்டார். மருமகன் என்று சொல்லிக்கொள்கிறவர் மீதுதான் மனு வரும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் சட்ட இதழ்களில் இன்றுவரை இருக்கும் தலைப்பில் எதிர்மனுதாரர் பெயர் அஸ்மா ஜஹாங்கீர். அந்தப் புகலிடத்தை நடத்திய வழக்கறிஞர்.

வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்பது சாதாரணம். கட்சிக்காரருக்கு இடம் கொடுத்த குற்றத்துக்காகத் தானே கூண்டுக்கு இழுக்கப்படுவது அவ்வளவு சாதாரணமில்லை. பாகிஸ்தானின் பெண்ணுரிமை வழக்குகளில் நான் இதைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுவே காரணம். வயது வந்த முஸ்லிம் பெண் தன் விருப்பப்படி மணம் செய்துகொள்ளலாமா என்பது ஃபிக்ஹு எனப்படும் இஸ்லாமியச் சட்ட நூல்களில் நூற்றாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வந்த விஷயம். லாகூரில் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க, முதலில் அந்தப் பெண் இரவு படுக்க ஓர் இடம் தேவைப்பட்டது. சட்ட வாதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதற்கு முன்பே சட்ட நூலில் ஒரு பெயர்

அஸ்மா 1952 ஜனவரி 27-ஆம் தேதி லாகூரில் பிறந்தவர். தந்தை மாலிக் குலாம் ஜிலானி அரசியல்வாதி. ராணுவ ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்தார். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவம் செய்ததையும் எதிர்த்தார். அந்த நாளில் மேற்குப் பாகிஸ்தானில் இருந்துகொண்டு அப்படிப் பேசியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆண்டு டிசம்பரில் அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். மகள் பெயரில் மனு தாக்கலானது. உயர் நீதிமன்றம் தனக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று கைவிரித்தது. ராணுவச் சட்ட நிர்வாகியின் உத்தரவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக்கூடாது என்று 1969-இலேயே ஓர் ஆணை போட்டிருந்தார்கள்.

உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1972 ஏப்ரல் 20-ஆம் தேதி, தலைமை நீதிபதி ஹமூதுர் ரஹ்மான் தலைமையிலான அமர்வு, ராணுவத் தளபதி யாஹ்யா கான் ஆட்சியைக் கைப்பற்றியது சட்டத்துக்குப் புறம்பானது என்றது. வெற்றி பெற்ற புரட்சி தனக்குத் தானே சட்டமாகிவிடும் என்று 1958-இல் டோஸோ வழக்கில் சொன்ன கோட்பாட்டையும் தூக்கி எறிந்தது. யாஹ்யா பதவியிழந்த பிறகுதான் இதைச் சொல்லும் துணிவு வந்தது என்ற குறையை அன்றிலிருந்து இன்றுவரை பலர் சொல்கிறார்கள், அது நியாயமான குறைதான். ஆனாலும் தெற்காசியாவின் அரசமைப்புச் சட்ட வகுப்புகளில் ‘அஸ்மா ஜிலானி வழக்கு’ தவறாமல் வரும். அப்போது அவருக்கு வயது 20. இன்னும் சட்டம் படிக்கவே இல்லை. லாகூர் கின்னேர்ட் கல்லூரியில் பட்டம், 1974-இல் தாஹிர் ஜஹாங்கீருடன் திருமணம், அப்புறம் 1978-இல் பஞ்சாப் பல்கலைக்கழகச் சட்டப் பட்டம்.

அவர் பாகிஸ்தானின் முதல் பெண் வழக்கறிஞர் அல்ல. அப்படிச் சிலர் எழுதுவது தவறு. அவருக்கு முன்பே பெண்கள் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார்கள். 1980-இல் அவர் செய்தது வேறு ஒன்று. தங்கை ஹினா ஜிலானி, குல்ருக், ஷஹ்லா ஜியா ஆகியோரோடு சேர்ந்து பெண்கள் மட்டுமே நடத்தும் சட்ட அலுவலகத்தை லாகூரில் தொடங்கினார். நாலு பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஏஜிஹெச்எஸ்’ என்று பெயர். நாட்டில் அப்படி ஓர் அலுவலகம் அதுவே முதல். கையில் காசில்லாத பெண்களுக்கு இலவசச் சட்ட உதவியும் அங்கிருந்தே கிடைத்தது.

காலம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அன்றைய ராணுவ ஆட்சியாளர் ஜெனரல் ஜியா உல் ஹக் 1979 பிப்ரவரியில், இஸ்லாமியத் தண்டனைகளைச் சட்டமாக்கும் ஹுதூத் அவசரச் சட்டங்களைக் கொண்டுவந்துவிட்டார். அவற்றில் ஜினா சட்டம் திருமணத்துக்கு வெளியே உள்ள உறவு அனைத்தையும் அரசுக்கு எதிரான குற்றமாக்கியது. 1983-இல் சாஹிவால் அமர்வு நீதிமன்றம், பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமான, கண்பார்வை மிகவும் குன்றிய ஒரு இளம்பெண்ணுக்குக் கசையடியும் சிறையும் விதித்தது. அவளுடைய கர்ப்பமே அவளுக்கு எதிரான சாட்சி. குற்றம் சாட்டப்பட்ட ஆண்கள் சாட்சியம் போதவில்லை என்று வெளியே வந்தார்கள். நாடே கொதித்த பிறகு, இஸ்லாமியச் சட்ட விவகாரங்களைப் பார்க்கும் ஃபெடரல் ஷரியத் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

அதே ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி, பெண்களின் சாட்சியத்தைப் பாதியாக்கும் சாட்சியச் சட்ட மசோதாவை எதிர்த்து லாகூர் மால் சாலையில் பெண்கள் ஊர்வலம் போனார்கள். உயர் நீதிமன்றம்வரை நடந்து போய் மனு கொடுப்பதுதான் திட்டம். போலீஸ் தடியடி நடத்தியது, கண்ணீர்ப் புகை வீசியது, பலரைக் கைது செய்தது. மசோதா கொஞ்சம் சுருங்கி 1984-இல் சட்டமானது. எழுத்தில் பதியும் பணம், கடன் விவகாரங்களில் மட்டும் இரண்டு ஆண்கள், இல்லாவிட்டால் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் சாட்சி என்ற விதி நின்றது. பிப்ரவரி 12 இன்று பாகிஸ்தானில் தேசியப் பெண்கள் தினம்.

நடந்தது

1996 பிப்ரவரியில் நிகாஹ் நடந்தது. பெண்ணுக்கு 22 வயது இருக்கும். நிகாஹ் முடிந்தும் அவர் பெற்றோர் வீட்டிலேயே இருந்தார், பேசிச் சம்மதிக்க வைக்கலாம் என்ற நம்பிக்கையில். விஷயம் தெரிந்ததும் வீடு எதிர்த்தது. அடியும் அடைத்துவைப்பும் நடந்ததாகப் பெண் தரப்பு சொன்னது. சில வாரங்களில் அவர் தப்பித்து வந்து சேர்ந்த இடம் ‘தஸ்தக்’.

தஸ்தக் 1990-இல் ஏஜிஹெச்எஸ் பெண்கள் லாகூரில் தொடங்கிய புகலிடம். அதற்கு முன்பு, வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கு அரசு காட்டிய இடம் ‘தாருல் அமான்’. பெயருக்கு அமைதி இல்லம். உள்ளே போன பெண் தன் விருப்பப்படி வெளியே வர முடியாது, நீதிமன்ற உத்தரவு வேண்டும். வயது வந்த பெண்ணாக இருந்தாலும் அதே கதைதான். தஸ்தக்கில் பெண் தானாக வரலாம், தானாகப் போகலாம். கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் வழக்கின் மூலக் கேள்வியே அதுதானே: ஒரு வயது வந்த பெண் எங்கே இருக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? தஸ்தக் அந்தக் கேள்விக்கு நீதிமன்றத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. தந்தையின் கோபம் மருமகனைவிட அஸ்மா மேல் அதிகமாகப் பாய்ந்ததில் ஆச்சரியமில்லை.

பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. ‘ஓடிப்போன பெண்’ என்று ஒரு பக்கம், ‘மேற்கத்திய ஏஜெண்ட்’ என்று அஸ்மாவை இன்னொரு பக்கம். பெண்களை வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு போவதே இவர்கள் தொழில் என்ற பேச்சு மேடைகளில் ஏறியது. வழக்கு ஒரு குடும்பத்தின் சங்கதியாக இருந்த காலம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

என்ன பணயம்

நிகாஹ் செல்லுமா செல்லாதா என்பது ஏதோ பதிவேட்டுச் சிக்கல் போலத் தோன்றலாம். ஜினா சட்டம் இருந்த நாட்டில் அது அப்படியில்லை. ‘வலீ’ எனப்படும் காப்பாளரின், அதாவது பெரும்பாலும் தந்தையின், சம்மதம் இல்லாததால் நிகாஹ் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால், அந்த இருவரும் கணவன் மனைவி இல்லை. கணவன் மனைவி இல்லையென்றால் அவர்கள் உறவு ஜினா. மகள் திரும்ப வேண்டும் என்று கேட்ட தந்தை, தன் வாதம் ஜெயித்தால் அதே மகள் குற்றவாளிக் கூண்டில் ஏறும் அபாயத்தையும் சேர்த்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஒரு பெண்ணோடு முடிகிற விஷயமும் இல்லை. பெற்றோர் புகார் கொடுப்பார்கள்: எங்கள் மகளைக் கடத்திவிட்டான், ஜினா செய்தான். பெண் வந்து, நான் விரும்பித்தான் நிகாஹ் செய்துகொண்டேன் என்பார். அந்த நிகாஹ்நாமாதான், அதாவது திருமண ஒப்பந்தப் பத்திரம்தான், அவர்கள் இருவரையும் சிறையிலிருந்து காப்பாற்றும் ஒரே தாள். ஹுதூத் காலம் முழுக்க இந்த மாதிரி வழக்குகள் கீழ் நீதிமன்றங்களில் நிரம்பிக் கிடந்தன. ஃபெடரல் ஷரியத் நீதிமன்றமே 1980-களின் தொடக்கத்தில், வயது வந்த பெண்ணின் நிகாஹுக்கு வலீயின் சம்மதம் கட்டாயமில்லை என்ற நிலையை எடுத்திருந்தது. அதற்குப் பிறகும் 1996-இல் லாகூர் உயர் நீதிமன்றத்திலேயே, வலீ இல்லாத நிகாஹ் செல்லாது என்ற எதிர்க்குரல் எழுந்தது. ஆக, முழு அமர்வு உட்கார்ந்தே ஆக வேண்டிய நிலை.

இரண்டு தரப்பும் ஒரே நூலைத் திறந்தன

தந்தை தரப்பின் முக்கியக் கல் ஒரு ஹதீஸ்: வலீ இல்லாமல் நிகாஹ் இல்லை. அஹ்லே ஹதீஸ் பிரிவினருக்கு இதில் விவாதமே கிடையாது. மாலிகி, ஷாஃபி, ஹன்பலி மத்ஹபுகளும், அதாவது சுன்னி சட்டப் பள்ளிகளும், வலீயை நிகாஹின் நிபந்தனையாகவே வைக்கின்றன. அதோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள்: பெற்றோருக்குக் கீழ்ப்படிவது இஸ்லாத்தில் கடமை, ரகசியமாக நடந்த நிகாஹ் நிகாஹே அல்ல.

பெண் தரப்பு இதற்கு ஐக்கிய நாடுகள் சபைத் தீர்மானங்களை எடுத்து நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அஸ்மாவை மேற்கின் கைப்பாவை என்று வசைபாடியவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். அவர்கள் போய் நின்றது ஹனஃபி மத்ஹபின் மூலவரான இமாம் அபூ ஹனீஃபாவிடம். பாகிஸ்தானின் பெரும்பான்மை சுன்னிகள் ஹனஃபிகள். ஹனஃபி மத்ஹபில் வயது வந்த, புத்தி தெளிந்த பெண் தன் நிகாஹைத் தானே செய்துகொள்ளலாம். தன் சொத்தை விற்கவும் வாங்கவும் உரிமையுள்ளவள் தன்னைப் பற்றி முடிவெடுக்க முடியாதா என்பது அந்த மத்ஹபின் தர்க்கம். விவாகரத்தான பெண்கள் தங்கள் கணவர்களை மீண்டும் மணப்பதைத் தடுக்காதீர்கள் என்ற அல்பகரா அத்தியாயத்தின் 232-ஆம் வசனத்தில், மணப்பதைப் பெண்ணின் செயலாகவே குர்ஆன் சொல்கிறது என்று ஹனஃபி அறிஞர்கள் எடுத்துக்காட்டுவார்கள். வலீக்கு ஒரு பங்கு உண்டு: மாப்பிள்ளை தகுதியில் பொருத்தமற்றவர் என்றாலோ, மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹர் மிகக் குறைவு என்றாலோ அவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அவர் சம்மதிக்கவில்லை என்பதாலேயே நிகாஹ் இல்லாமல் போகாது.

பிறகு ஒரு சாதாரணத் தாள். 1961-இன் முஸ்லிம் குடும்பச் சட்ட அவசரச் சட்டத்தின்படி அச்சிடப்பட்ட நிகாஹ்நாமா. மணமகன், மணமகள், மணமகள் விரும்பினால் தன் பிரதிநிதியாக நியமிக்கும் வகீல், சாட்சிகள், மஹர் எவ்வளவு, உடனே கொடுப்பது எவ்வளவு, பிறகு கொடுப்பது எவ்வளவு என்று கட்டங்கள் போகும். வலீ கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய கட்டம் என்று ஒன்று அதில் இல்லை. 18-ஆவது கட்டம் இன்னும் சுவாரசியமானது: தலாக் சொல்லும் உரிமையைக் கணவர் மனைவிக்கு அளித்திருக்கிறாரா? ஆம் என்று எழுதினால் பெண் தானே விடுதலை பெறலாம். நிகாஹ் பதிவாளர்கள் பலர் பெண்ணைக் கேட்காமலே அந்தக் கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டுவிடுவதை ஏஜிஹெச்எஸ் போன்ற அமைப்புகளின் வழக்கறிஞர்கள் ஆண்டாண்டாகச் சொல்லிவருகிறார்கள். உரிமையைச் சட்டம் கொடுத்தாலும் பேனா யார் கையில் இருக்கிறது என்பது வேறு விவகாரம்.

இந்த ஹனஃபி உத்தியில் ஒரு பலவீனமும் இருக்கிறது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு அது சட்டென்று புரியும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர். இலங்கை முஸ்லிம்களும் அப்படியே. இலங்கையின் 1951-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஷாஃபி மணமகளுக்கு வலீ வேண்டும் என்கிறது. வலீ காரணமில்லாமல் மறுத்தால் காதி நீதிபதியிடம் போய் அனுமதி கேட்கலாம். லாகூரில் அபூ ஹனீஃபாவைக் காட்டி வாங்கிய உரிமையைக் கல்முனையிலோ புத்தளத்திலோ ஒரு பெண் அதே வாதத்தால் வாங்க முடியாது. மத்ஹபைக் கடந்த ஒரு வயது வந்தோர் உரிமையாக இது நிறுவப்படவில்லை. எதிரி ஏற்றுக்கொண்ட நூலிலிருந்தே வாதிடுகிறவருக்குக் கிடைப்பது அந்த நூல் தரும் அளவுதான். ஆனால் 1996 லாகூரில் வேறு எந்த வாதத்தை எடுத்திருந்தாலும் பெண் தாருல் அமானிலோ சிறையிலோ போய் முடிந்திருப்பார் என்பது என் எண்ணம்.

தீர்ப்பு: ஜெயம், கூடவே ஒரு குட்டு

1997 மார்ச் 10. மூன்று நீதிபதிகள்: இஹ்சானுல் ஹக் சௌத்ரி, மாலிக் முகம்மது கய்யூம், கலீலுர் ரஹ்மான் ராம்தே. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிகாஹ் செல்லும் என்று தீர்ப்பு. (பாகிஸ்தானின் தீர்ப்புத் தொகுப்பான பி.எல்.டி. 1997 லாகூர் 301.) சௌத்ரி மாறுபட்டார், வலீயின் சம்மதமில்லாத நிகாஹ் செல்லாது என்றார். கய்யூம், வயது வந்த ஹனஃபி பெண்ணுக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை என்று நேராகச் சொன்னார்.

தராசைச் சாய்த்தது ராம்தேயின் வாக்கு. அவருடைய தீர்ப்பைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் என்ற உரிமை உண்டா, உண்டென்றால் அதை நீதிமன்றம் அமல்படுத்த முடியுமா, இஸ்லாத்தில் திருமணம் ஓர் ஒப்பந்தமா, வலீயின் அனுமதி அதன் அத்தியாவசிய நிபந்தனையா என்று கேள்விகளை அடுக்கினார். முடிவில் நிகாஹைச் செல்லாததாக்க ஆதாரம் இல்லை என்று கய்யூமோடு சேர்ந்தார். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. திருமணத்துக்கு முன் பழகுவதையும், வீட்டை விட்டுப் போய் மணம் செய்வதையும் கடுமையாகக் கண்டித்தார். பெற்றோரின் இடத்தைப் பாதுகாக்கும்படி குடும்பச் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்றும் எழுதினார்.

அதாவது உன் நிகாஹ் செல்லும், ஆனால் நீ செய்தது சரியில்லை. ஜெயித்த கட்சிக்காரருக்கு இப்படி ஒரு தீர்ப்பைப் படித்துக் காட்டுவது எந்த வக்கீலுக்கும் எளிதாக இருந்திருக்காது. பெண்கள் அமைப்புகள் அன்றே இந்தப் பகுதியைக் கண்டித்தன, மத அமைப்புகள் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் பாராட்டின. எனக்கு இதில் தெரிவது ஒரு நேர்மையான நீதிபதியின் சங்கடம். மனசு ஒரு பக்கம் இழுக்க, சட்டம் மறுபக்கம் நின்றது, அவர் சட்டத்தின் பக்கம் கையெழுத்திட்டார். பத்தாண்டு கழித்து, 2007 ஜூலையில், ராணுவ ஆட்சியாளர் முஷாரஃப் நீக்கிய தலைமை நீதிபதி இஃப்திகார் சௌத்ரியைத் திரும்ப அமர்த்திய 13 நீதிபதிகள் அமர்வுக்குத் தலைமை தாங்கியவரும் இதே ராம்தேதான். கய்யூமின் கதை நேர்மாறு: பேநசீர் புட்டோவுக்கு எதிராக 1999-இல் அவர் கொடுத்த தீர்ப்பை, பாரபட்சம் காரணமாக உச்ச நீதிமன்றம் 2001-இல் ரத்து செய்ய, பதவி விலகினார். பெண்ணுரிமைப் பக்கம் தெளிவாக எழுதியவர் எல்லா விஷயத்திலும் நல்ல நீதிபதியாக இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. தீர்ப்பு வந்த பிறகு அந்தத் தம்பதி நாட்டில் நிம்மதியாக வாழ வழியில்லாமல் வெளிநாடு போனார்கள்.

இடம் கொடுத்ததற்கான விலை

இந்த வழக்கு வருவதற்கு முன்பே அஸ்மாவைக் கொல்லப் பார்த்தார்கள். 1995 பிப்ரவரியில், மத நிந்தனைக்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட 14 வயது கிறிஸ்தவச் சிறுவன் ஒருவனை லாகூர் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. வாதாடியவர் அஸ்மா. கூட்டம் அவருடைய காரை நொறுக்கியது. அதே ஆண்டு ஆயுதம் தாங்கியவர்கள் குடும்பத்தினர் இருந்த வீட்டுக்குள் புகுந்தார்கள். விடுதலைத் தீர்ப்பெழுதிய நீதிபதிகளில் ஒருவரான ஆரிஃப் இக்பால் பட்டி 1997-இல் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

தஸ்தக் கதையின் கொடூரமான பக்கம் 1999 ஏப்ரல் 6. பெஷாவரிலிருந்து வந்த ஒரு பெண், அடிக்கும் கணவரிடமிருந்து விவாகரத்து கேட்டு ஹினா ஜிலானியின் கட்சிக்காரராக இருந்தார், தங்கியது தஸ்தக்கில். வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பம். பிரிந்து வாழ்வதை ஏற்றுக்கொண்ட பெற்றோர், விவாகரத்து என்ற சொல்லை மட்டும் ஏற்கவில்லை. வீட்டு ஆண்கள் யாரையும் பார்க்கப் பயமாக இருக்கிறது, அம்மாவை மட்டும் அலுவலகத்தில் பார்க்கிறேன் என்றார் மகள். அம்மா வந்தார், நடக்கத் துணை வேண்டும் என்று ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு. ஹினாவின் அறைக்குள் நுழைந்ததும் அந்த ஆள் துப்பாக்கியை எடுத்து மகளின் தலையில் சுட்டான். ஹினாவைக் குறிவைத்த குண்டு தப்பியது. சுட்டவனைக் காவலர் சுட்டு வீழ்த்தினார். மற்றவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை. கொலையுண்டவரின் வாரிசுகள் மன்னித்தால் வழக்கு கரைந்துபோகும் கிஸாஸ், தியத் சட்டம் அன்று அப்படித்தான் இருந்தது. கொன்றவரும் குடும்பம், மன்னிப்பவரும் குடும்பம்.

கொலையைக் கண்டிக்கும் தீர்மானம் செனட்டுக்கு வந்தபோது ஆதரித்து எழுந்தவர்கள் நாலே பேர். எதிர்த்தவர்கள், கொலைக்குப் பதிலாக அஸ்மா, ஹினா இருவரின் நடத்தையைப் பற்றிப் பேசினார்கள். பெஷாவரில் இருவரின் தலைக்கும் மதவாதிகள் பத்வா விதித்தார்கள். அலுவலகம் மூடவில்லை.

1997-இல் ஜெயித்த பெண்ணுக்கும் 1999-இல் செத்த பெண்ணுக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இருவருக்கும் உரிமை எழுத்தில் இருந்தது. நிகாஹ் செய்யும் உரிமை ஒருவருக்கு, நிகாஹை முடிக்கும் உரிமை இன்னொருவருக்கு. இருவரும் தங்கியதும் ஒரே கூரையின் கீழ். ஒருவர் கூரைக்குள்ளிருந்து நீதிமன்றத்துக்குப் போனார், இன்னொருவரைப் பெற்றவளே ஆளைக் கூட்டிவந்து வக்கீல் அறைக்குள் முடித்தார். தஸ்தக் போன்ற ஒரு வீட்டை நடத்துகிறவர்கள் கதவை எப்போது யாருக்குத் திறப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எந்தச் சட்டக் கல்லூரியும் இதைச் சொல்லித் தருவதில்லை.

பிறகு

தந்தையின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2003 டிசம்பரில் தள்ளுபடியானது. வயது வந்த, புத்தி தெளிந்த முஸ்லிம் பெண் தன் சொந்த விருப்பப்படி நிகாஹ் செய்துகொள்ளலாம், வலீயின் சம்மதம் தேவையில்லை என்பது நாடு முழுமைக்குமான சட்டமானது. (பி.எல்.டி. 2004 உச்ச நீதிமன்றம் 219.) 2006-இன் பெண்கள் பாதுகாப்புச் சட்டம் பலாத்காரத்தை ஜினா சட்டத்திலிருந்து பிரித்துக் குற்றவியல் சட்டத்துக்குக் கொண்டுபோனது. 2016 அக்டோபரில் நாடாளுமன்றம் கௌரவக் கொலைச் சட்டத்தைத் திருத்தியது: குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு.

அஸ்மா 1998 முதல் 2004 வரை சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் பற்றியும், 2004 முதல் 2010 வரை மதச் சுதந்திரம் பற்றியும் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளராக இருந்தார். 2010 அக்டோபரில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அரங்கு நிறைய ஆண்கள் வாக்களிக்கும் தேர்தலில் இது சும்மா வந்த வெற்றியில்லை. காணாமல் போனவர்களுக்காகவும், செங்கல் சூளையில் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்களுக்காகவும் அவர் நடத்திய வழக்குகளைப் பார்த்த வக்கீல்கள்தான் வாக்களித்தார்கள். தன் அரசியல் எதிரிகளாக இருந்த கட்சிக்காரர்களின் அடிப்படை உரிமைக்காகவும் வாதாடியவர் என்பதை எதிரணியினரே ஒப்புக்கொள்வார்கள். 2018 பிப்ரவரி 11-ஆம் தேதி லாகூரில் இறந்தார். கடாஃபி ஸ்டேடியத்தில் நடந்த ஜனாஸா எனும் இறுதித் தொழுகையில் பெண்களும் ஆண்களோடு நின்றார்கள், சில பேர் முன்வரிசையிலேயே. தொழுகை நடத்தியவர் ஹைதர் ஃபாரூக் மௌதூதி, ஜமாஅத்தே இஸ்லாமி என்ற மதக் கட்சியைத் தொடங்கிய மௌதூதியின் மகன். அஸ்மாவை வாழ்நாள் முழுக்க எதிர்த்த இயக்கம் அது. தொழுகையில் பெண்கள் நின்றதைக் குற்றமாக்கி அடுத்த சில நாட்கள் பத்திரிகைகளில் சண்டை நடந்தது.

இன்று லாகூரில் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக மணம் செய்த ஒரு பெண்ணுக்கு வேலை எப்படி நடக்கிறது என்றால், வீட்டார் பாகிஸ்தான் குற்றவியல் சட்டம் 365-பி பிரிவில் கடத்தல் புகார் கொடுப்பார்கள். பெண் நீதித்துறை நடுவர் முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி வாக்குமூலம் கொடுப்பார்: என்னை யாரும் கடத்தவில்லை, நான் வயது வந்தவள், நிகாஹ் என் விருப்பம். அப்புறம் வழக்கறிஞர் அந்த முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனு போடுவார். நிகாஹ்நாமா நகல், அடையாள அட்டை நகல், வாக்குமூல நகல் மூன்றும் மனுவோடு போகும். வாதத்தில் மேற்கோளாக வரும் தீர்ப்புகளில் பி.எல்.டி. 2004 உச்ச நீதிமன்றம் 219 இருக்கும். மனு விசாரணைக்கு வரும் நாள்வரை பெண் எங்கே தங்குவது என்பதை மட்டும் வழக்கறிஞர் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.